பன்னிரண்டாம் ஆள் வரைந்த கட்டடம்

கூட்டத்தில் என்னைத்தான் காட்டினார்கள்.
"அவனிட்ட அளவுகோல் இருக்கு,
ரெக்னிக்கலில் ஒண்டரை வருசம் படிச்சவன்."
பதினொரு பேரும் கை தூக்கினார்கள்.
கழகத்தில் எனக்கு விழுந்த முதல் ஏகமனது.

ஆறு பருவமாய் நான் பன்னிரண்டாம் ஆள்.
தண்ணீரோடு ஓடியவன்,
கையுறை மாற்றிக் கொடுத்தவன்,
மற்ற நேரமெல்லாம் மருத மரத்தடியில் குந்தியிருந்தவன்.
அதனால் எனக்குத் தெரியும்
மூன்றரைக்கு நிழல் எந்த வேரைத் தொடும்,
கச்சான் எந்த மூலையால் புழுதி கொண்டுவரும்,
மார்கழி வெள்ளம் எதுவரை ஏறி
எங்கே நின்று யோசிக்கும் என்று.

முதல் தாளில் ஒரு நீள்சதுரம்.
நாற்பதடிக்கு இருபத்திரண்டு.
தலைவர் குணநேசன்
கிண்ணங்களுக்குக் கண்ணாடி அலுமாரி கேட்டார்,
நுழைந்ததும் முகத்தில் அறையும்படி.
மொத்தம் ஏழு கிண்ணம். ஒன்றுக்குக் காது இல்லை.

மாதர் சங்கத்து யோகநாயகி
தாளைத் தன் பக்கம் திருப்பி,
"மறுகா அடுப்பு எங்க?" என்றார்.
மரண உதவிச் சங்கத்துக்கு
நூற்றிருபது கதிரையும் பந்தல் கம்பிகளும் அடுக்க இடம்.
புதன்கிழமை மருத்துவமாது வருவா:
பிள்ளை நிறுக்கும் தராசு தொங்க
வளையில் ஒரு கொளுக்கி.
எல்லே விளையாடும் பெட்டைகள்
பின்னால் நின்றபடி ஒன்றையே கேட்டார்கள்,
உள்ளால் பூட்டும் ஓர் அறை.
வினோகா அதை இரண்டாம் முறையும் சொன்னாள்,
செயலாளரின் பேனை அசையாததைப் பார்த்து.

இரண்டாம் தாளில்
கேட்டவர் எல்லாருக்கும் கொடுத்தேன்.
கட்டடம் விக்கெட்டைத் தொட்டது.
"மைதானத்தையும் உள்ளுக்க போட்டுடுகா,
மழைக்கும் விளையாடலாம்"
என்றார் அழகுப்போடி.

பிறகு யானைக் கதை.
பழைய கொட்டிலை அது தள்ளியதற்கு
எங்களோடு கோபம் ஏதும் இல்லை.
சிரமதானச் சமையலுக்கென்று வைத்த
இரண்டு மூடை நெல்லும் ஒரு பை உப்பும்
காட்டுக்கரை வரை மணத்திருக்கிறது.
இனி ஓர் இரவும் இங்கே நெல் தங்கக் கூடாது என்று
திக்கோடையே சேர்ந்து தீர்மானித்தது.
அதை எந்தக் கோட்டால் வரைவது?
தாளின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பிரதேச சபையில் சிவப்புப் பேனை
என் நாற்பதடியை முப்பதாக்கியது.
"காசு இவ்வளவுதான் தம்பி."

அன்றிரவு
பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து
வரைபடத்தின் மேல் விரித்தேன்.
புதனில் தராசு. சனியில் பந்து.
சாவு எந்த நாளும் வரும்,
வந்த நாளில் யார் விளையாடப் போகிறார்கள்?
ஒரே மண்டபம் ஒவ்வொரு கிழமையும்
நாலைந்து முறை உடுப்பு மாற்றலாம் போலிருந்தது.
கதிரைகள் மேடைக்கு அடியில் போயின.
அடுப்பு வெளியே, ஒரு தகரத் தாழ்வாரத்தில்.
கிண்ணங்கள் கதவுக்கு மேலே,
குணநேசன் அண்ணாந்து பார்க்கட்டும்.
நிலத்தை நாலடி உயர்த்தினேன், வெள்ளத்துக்காக.
ஏறும் படிகளைச் சுவரின் நீளத்துக்கும் இழுத்தேன்,
வெள்ளமில்லாத மாதங்களில் இருந்து ஆட்டம் பார்க்க.
எட்டுக்கு ஆறு, அந்தப் பூட்டும் அறையில்
ஓர் அங்குலமும் தொடவில்லை.

ஒரு மூலையில் மட்டும்
கடைசிப் படி இரண்டடி குறைவு.
"இதென்ன கோணல்?" என்றார் பொறியியலாளர்.
"மருத மர வேர், சேர்."
அங்கே இருந்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

தை பிறந்து தரை காய்ந்ததும்
எல்லைக்கோடு போடும் அதே சுண்ணாம்பால்
அத்திவாரம் கீறினோம்.
சின்னன்கள் சுவர்களைத் தாண்டிப் பாய்ந்தார்கள்.
நாயொன்று மண்டபத்தின் நடுவே படுத்தது.
வினோகா மட்டும் கோட்டை மிதிக்காமல்
வாசலால் சுற்றி வந்து
எட்டுக்கு ஆறுக்குள் நின்றாள்.
இல்லாத கதவைச் சாத்தினாள்.
இல்லாத தாழ்ப்பாளை இழுத்து
நாக்கால் ஒரு சத்தம் போட்டாள்.

ஆடவர் நாங்கள் ஏழெட்டுப் பேர்
என்ன செய்வதென்று தெரியாமல்
மறுபக்கம் திரும்பி நின்றோம்,
அவள் திறக்கும் வரை.