ஆறு இறங்கும்வரை

கிளம்புவதற்கு முந்தைய இரவு
குதாயிசியில், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மருந்து நிறுக்கும் தராசில்
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.
பல் துலக்கியின் பிடியை அறுத்ததில் ஒன்பது கிராம் மிச்சம்.
சீப்பு வேண்டாம். சோப்பில் பாதி.
இரண்டாவது கால்சட்டையோடு நெடுநேரம் வாதாடி
அதையும் விட்டேன்.
கூடாரம், அடுப்பு, ரவை, சீஸ்,
கூட்டிப் பார்த்தால் பதினொரு கிலோ நானூறு.
பத்தொன்பது வருஷத்தில் அந்தத் தராசு
ஒரே இரவில் இவ்வளவு உழைத்ததில்லை.

"கூட யார்?" என்று கேட்டார்கள்,
மெஸ்தியாவில் வேன் ஓட்டுநர்,
ரொட்டி விற்ற எத்தேரி,
வேலிக்குள் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த ஒருவர்.
முதல் ஆளிடம் "யாருமில்லை" என்றேன்.
எத்தேரியிடம் "பின்னால் வருகிறார்கள்."
மூன்றாவது ஆளுக்கு முதுகுப்பையைக் காட்டினேன்.
அவர் பைக்கு வணக்கம் சொன்னார்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி நாலு.
பனிப்பாறை பகலெல்லாம் உருகி
சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது தண்ணீர்.
அடியில் கல்லும் கல்லும் மோதுகிற சத்தம்
காதில் அல்ல, முழங்காலில் கேட்டது.
குதிரையில் கரைசேர்க்கும் முர்ஸா
சேணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தான்.
"காலை ஆறு மணிக்கு வா.
ராத்திரி மேலே உறையும், கீழே இறங்கும்.
இப்போது இது யார் பேச்சும் கேட்காது."
போய்விட்டான்.

அப்படிக் கிடைத்தது ஒரு மாலை,
எந்தச் சீட்டிலும் எழுதித்தராதது.

சரிவு முழுக்கப் பூ.
எதிர்ச்சரிவில் வெள்ளை ரோடோடென்ட்ரான்,
பிழியாமல் உதறிப் போட்ட துணிபோல்
புதருக்குப் புதர்.
ஆளுயரத்தில் வெண்குடை விரித்த ஒன்று:
சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம்.
ஜூலையில் அதற்குத்தான் களிம்பு கேட்டு வருவார்கள்.
தள்ளி நின்று "ஓ, நீதானா" என்றேன்.

பிறகு காலடியில், புல்லோடு புல்லாக,
நீலம்.
ஜென்ஷியன்.
பழுப்புக் குப்பியில் வேர்க்கசப்பாக
பசியெடுக்க இருபது சொட்டு என்று எழுதி எழுதிப் பழகியவளுக்கு
அந்தக் குடும்பத்தில் இப்படியொரு முகம் இருப்பது
இதுவரை தெரியாது.

குனிந்து உட்கார்ந்தேன்.
என் நிழல் விழுந்த ஒன்று
மெல்ல முறுக்கிக்கொண்டு மூடியது,
தூள் மருந்துக்கு நான் பொட்டலம் மடிப்பதைவிட நேர்த்தியாக.
பக்கத்துப் பூக்கள் திறந்தே இருந்தன.
இது மட்டும், என்னால்.

நகர்ந்தேன். தொழில் புத்தி, கடிகாரத்தைப் பார்த்தேன்.
பதினேழு நிமிஷம் கழித்து
ஒரு மடிப்பு தளர்ந்தது.
இன்னும் கொஞ்ச நேரத்தில்
ஒன்றுமே நடக்காததுபோல் வானத்தைப் பார்த்தது.
இன்னொரு முறை செய்துபார்க்க ஆசை.
செய்யவில்லை.
அன்றைக்கு நான் தொந்தரவு செய்த ஒரே ஆள் அது.

மலை முதலில் நிழலானது, பிறகு சரிவு.
எல்லாமே மூடிக்கொண்டன.
இருந்ததையெல்லாம் போட்டுக்கொண்டு படுத்தேன்.
நடுராத்திரி மூன்று மணிக்கு
விட்டுவந்த கால்சட்டையைப் பெயர் சொல்லி அழைக்காத குறை.
நாலரைக்கு விழித்தேன்.
சத்தத்தால் அல்ல,
சத்தம் குறைந்ததால்.

முர்ஸா சொன்ன நேரத்துக்கு வந்தான்.
"ஆளுக்கு முப்பது லாரி."
"பைக்கு?"
"பை என்ன எடை இருந்தால் என்ன,
குதிரைக்குத் தெரியவா போகிறது."
சட்டைப்பையில் இருந்த பாதி பல் துலக்கியை
இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

நடு ஆற்றில் திரும்பிக் கேட்டான்:
"அந்தப் பக்கம் யாராவது காத்திருக்கிறார்களா?"
"இல்லை."
"அப்படியென்றால் சரி" என்று
கடிவாளத்தைத் தளர்த்தினான்.
குதிரை நின்றது. தண்ணீரை முகர்ந்தது.
யோசித்தது. குடித்தது.
அதன் உதட்டோரம் காலைத் தீனியின் மஞ்சள் இதழொன்று
ஒட்டிக்கொண்டு நனைந்தது, போகவில்லை.
என் இடது காலணிக்குள்
பனிப்பாறை ஏறிக்கொண்டிருந்தது.