நூற்றிருபத்து நான்கு

காலையிலிருந்து லத்தி போடவில்லை என்றான் நியாமத்.
வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாளாம்,
முன்காலால் தரையைப் பறண்டுகிறாளாம்.
டாக்டர் போனில் ஒரே வாக்கியம்:
ஹெப்பாளுக்கு ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

ரேஸ் கோர்ஸிலிருந்து ஹெப்பாள் எட்டு கிலோமீட்டர்.
ஏப்ரல். மாலை ஐந்தரை.
பெங்களூர்க்காரர்களுக்கு
இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் டிரெய்லர்,
அதற்குள் நானூற்றறுபது கிலோ மிஸ் ஆகஸ்ட்.
முன்னால் என் வெள்ளைப் பிக்கப், ஆட்டோமேட்டிக்.
இழுவைக்கு மேனுவல்தான் எடுக்க வேண்டும் என்று
எல்லாரும் சொன்னார்கள்.
என் இடது முட்டி வேறு சொன்னது.

டாஷ்போர்டில் தீப்பெட்டி அளவில் ஒரு திரை.
ஜே.சி. ரோடு தேவசகாயம் ஒட்டித் தந்தது.
எஞ்சின் சூட்டை வண்டியே காட்டிவிடும்,
கியர்பெட்டி கமுக்கம், என்பார்.
அது வாய் திறக்கும்போது
எண்ணெய் கருகி முடிந்திருக்கும்.
தொண்ணூறில் பாட்டுக் கேட்கலாம்.
நூற்றுப் பத்தில் பாட்டை நிறுத்து.
நூற்றிருபதில் ஏ.சி.யை நிறுத்து,
அதற்கும் மேல் போனால் உன்னையே நிறுத்து.

சாளுக்கியா சர்க்கிள், தொண்ணூற்றாறு.
காவேரி ஜங்ஷன், நூற்றொன்பது.
மேக்ரி சுரங்கப்பாதையின் ஏற்றத்தில்
அரை அடி, பிரேக்,
அரை அடி, பிரேக்.
ஓடினால் காற்றாவது வரும்.
நகராமல் நகரும்போது
உள்ளே எண்ணெயை எண்ணெயே கடைந்துகொண்டிருக்கிறது,
சக்கரத்துக்குப் போகாத பலமெல்லாம்
சூடாகத் தங்கிவிடுகிறது.

நூற்றிருபத்து நான்கு.

நியாமத் அதைப் பார்க்கவில்லை.
பின்கேமராவில் அவள் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நிறுத்தாதேக்கா என்றான்.
நிறுத்தினால் அவளுக்கு நேரம் போகும்.
நிறுத்தாவிட்டால் வண்டி போகும்,
மேம்பாலத்தின் நடுமுதுகில்
அவளையும் சேர்த்துக்கொண்டு.

நிறுத்தினேன்.
கங்காநகர் பஸ் ஸ்டாப்பில், நிறுத்தக் கூடாத இடத்தில்.

எஞ்சினை அணைக்கவில்லை.
அணைத்தால் எண்ணெய் நின்ற இடத்திலேயே வேகும்.
நியூட்ரல், கைப்பிரேக்,
பெடலில் பாதத்தின் நுனி மட்டும்,
முள்ளை ஆயிரத்தைந்நூறில் பிடித்துக்கொண்டேன்.
எங்கும் போகாத வண்டிக்குள்ளே
எண்ணெய் மட்டும் கிரில் வரைக்கும்
போய்ப் போய் வந்தது.
நூற்றிருபத்து மூன்று.
வெகுநேரம் நூற்றிருபத்து மூன்று.

பக்கவாட்டுக் கதவால் ஏறி
அவள் விலாவில் காது வைத்தான் நியாமத்.
நல்ல வயிறு என்றால் கடமுடவென்று பேச வேண்டும்.
அவனுக்குச் சத்தம் வேண்டும்,
எனக்குச் சத்தம் வரக் கூடாது.

கான்ஸ்டபிள் வந்தார்.
போனெட்டில் லத்தியால் இரண்டு தட்டு.
முந்தே ஹோகி மேடம், பஸ் பருத்தே.
திரையைக் காட்டினேன், நூற்றுப் பதினேழு.
அவருக்கு அது ஒரு எண், அவ்வளவுதான்.
குதுரே, என்றேன், ஹொட்டே நோவு.
முகம் மாறி, ஜன்னல் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார்.
அந்த நேரம் பார்த்து வாலைத் தூக்கினாள்.

ரப்பர் விரிப்பில் பொத்துப் பொத்தென்று.
பெரிதாக ஒன்றுமில்லை, ஆறேழு உருண்டை.
போட்டுட்டாக்கா, போட்டுட்டா, என்று
நியாமத் கத்தியது எதிர்ப்பக்கம் வரை கேட்டிருக்கும்.
பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
லேப்டாப் பை மாட்டிய ஒரு பையன்
எதற்கென்று தெரியாமல் கைதட்டினான்.
கான்ஸ்டபிள் தன் லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
எனக்காக ஒரு பி.எம்.டி.சி. பஸ்ஸை மறித்தார்.

ஹெப்பாளில் டாக்டர் வாலடியில் தெர்மாமீட்டர் வைத்தார்.
நூற்றொன்று, என்றார்.
ஒரு நொடி என் கால் தானாகவே பெடலைத் தேடியது.
ஃபாரன்ஹீட்மா, நார்மல்தான், என்றார்.

மறுநாள் ஜே.சி. ரோட்டில்
வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார் தேவசகாயம்.
சிவப்பாக இருக்க வேண்டியது
பாலில்லாத டீயாக இருந்தது.
கருகின வாடை வருதா பார், என்று நீட்டினார்.
முகர்ந்தேன்.
குதிரை வாடைதான் வந்தது.