நடுப்படகு

கெபியின் கம்பிக்கதவு அடியில் துருவேறிக் கிடக்கிறது.
திறக்க ஒரு உதை கேட்கும்.
செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு
என் நாத்தனார் ரொசாரி உதைப்பாள்,
பிறகு அதே காலை வெளியே தட்டிவிட்டு
முக்காடு போட்டு உள்ளே போவாள்.
அந்தோணியார் நிற்கிறார், கையில் குழந்தை,
மூக்கில் உப்புக்காற்று அரித்த ஒரு குழி.
பத்து வருடமாய் அந்தப் பக்கம்
நான் தலை திருப்புவதில்லை.

வடகடல் ஓரத்துத் தகரக்கொட்டகைச் சபையில்
நான் கற்றது எளிது:
மேலே ஒருவர். நடுவில் ஒருவர்.
வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை.
செத்தவர் தூங்குகிறார், தூங்குகிறவர் முன்னால்
எதற்கு உப்பும் மிளகும்?
நெத்திலி காயப்போட்டபடி இதைக் கேட்டேன்.
'போ' என்றாள் ரொசாரி.
காக்கைக்குச் சொன்னாளா எனக்கா, தெரியவில்லை.

மாதாவைக் கும்பிடுகிறீர்கள் என்பேன்.
நமக்காகக் கேட்கச் சொல்லிக் கேட்கிறோம் என்பாள்.
சொரூபத்துக்கு மாலை எதற்கு என்பேன்.
உன் அப்பா போட்டோவை
எதற்கு முந்தானையால் துடைக்கிறாய் என்பாள்.
நான் ஜெபம் என்பதை அவள் செபம் என்பாள்.
என் இயேசு அவளுக்குச் சேசு.
இன்னாசி, எனக்குப் புருஷன் அவளுக்குத் தம்பி,
ஆமென் ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான் என்று
சோற்றைப் பிசைவான்.

சனிக்கிழமை டோக்கன் வாங்கிப் போன படகு
ஞாயிறு விடிந்தும் வரவில்லை.
வாடை விழுந்திருந்தது.
பிடித்துப் போயிருப்பார்கள் என்றார்கள் சிலர்.
எஞ்சின் நின்றிருக்கும் என்றார்கள் சிலர்.
மற்றப் படகுகள் கரையில் இறால் தரம் பிரித்தன.
எனக்கு அந்த இறால்மேல் கோபம் வந்தது.

சங்கத்து அறையில் வயர்லெஸ் பெட்டி.
இங்கிருந்து அவனுக்கு எட்டாது என்றான் பெட்டிக்காரன்,
நடுவில் சூசை படகு நிற்குது,
சூசைகிட்ட சொன்னா அவன் அங்க சொல்லுவான்.
மைக்கைப் பிடுங்கினேன்.
'சூசையண்ணே, எங்க வீட்டுக்காரரக்
கூப்பிட்டுப் பாருங்கண்ணே.'
இரைச்சல்.
மறுபடி சொன்னேன். இரைச்சல்.
சூசையின் முகம்கூட எனக்குச் சரியாய் நினைவில்லை.
கேட்கிறதா என்று கேட்காமலே
மூன்றாம் முறையும் கெஞ்சினேன்.

திரும்பினால் ரொசாரி.
என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள்.
'அது வேற' என்றேன்.
அவள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

பிறகு போனை எடுத்துச் சபையாரைக் கூப்பிட்டேன்,
தூத்துக்குடிப் போதகரைக் கூப்பிட்டேன்.
பதினோரு பேரிடம் ஜெபிக்கச் சொன்னேன்.
ரொசாரி ஒருவரிடம் சொன்னாள்.
என் பதினோரு பேருக்கும் மூச்சிருக்கிறது
என்கிற வித்தியாசத்தை
ஈரக்கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு
பாலத்தில் ரயில் போவதைப் பார்த்தேன்.
உள்ளங்கை எரிந்தது.

நாலு மணிக்குச் சூசை படகு கட்டி இழுத்து வந்தது.
இன்னாசி இறங்கியதும் கேட்டது தண்ணீர்,
அடுத்துப் பேசியது டீசல் கடன்.
வயர்லெஸ்ல கேட்டுச்சா என்றேன்.
எங்கே கேட்டுச்சு, பெட்டி ராத்திரியே நனைஞ்சு போச்சு.
சூசை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:
கூப்பிட்டேன், பதில் இல்ல.
அதான் வலைய அறுத்துவிட்டுத் தேடிப் போனேன்.

இதைச் சபையில் சாட்சி சொன்னேன்.
சூசை பெயர் சொன்னேன்,
வலையின் விலையும் சொன்னேன்.
ரொசாரி கெபியில் என்ன சொன்னாள் தெரியாது.

செவ்வாய்க்கிழமை
இரண்டு கையிலும் உப்பு மிளகுத் தட்டோடு நின்றாள்.
அவள் உதைத்தும் கதவு அசையவில்லை.
மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு
நான் ஓங்கி ஒரு உதை விட்டேன்.
திறந்தது.
உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை.
நானும் போகவில்லை.
பெருவிரல் மட்டும் இரண்டு நாள் வலித்தது.