இன்றைய வருகை

எழுபதாவது நிமிடத்தில் ஒரு துண்டுச்சீட்டு வரும்.
அதில் ஓர் எண் இருக்கும்.
மைக்கில் அதை நான் படிப்பேன்.
பத்தொன்பது வருடமாக இதுதான் என் சனிக்கிழமை.

ஆர்க்கிள்பி ரோவர்ஸ்.
இங்கிலாந்தின் வடகோடியில்
மூன்றாம் டிவிஷன், கெட்ட வருடங்களில் நான்காம் டிவிஷன்.
கடற்காற்று வடக்குக் கோல் பக்கம் பந்தைத் திருப்பிவிடும்.
அதையும் எங்கள் ஆட்டக்காரனாகவே கணக்கில் வைத்திருந்தோம்.

பிறகு முதலாளிகள் வந்தார்கள்.
வந்தார்கள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.
ஒரு கம்பெனி, அதற்கு மேல் ஒரு கம்பெனி,
அதற்கும் மேல் ஏதோ ஒரு தீவில் ஒரு தபால்பெட்டி.
பயிற்சி மைதானம் போனது.
பஸ் போனது.
கடைசியில் காலடி மண்ணையே விற்று
எங்களுக்கே அதை வாடகைக்கு விட்டார்கள்.

மார்ச்சில் சட்டை துவைக்கிற ஹெட்டிக்குச் சம்பளம் வரவில்லை.
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
பதினோரு சட்டைகளையும் சேறு காயாமல் எடுத்துப்போய்
வாசல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டாள்.
எங்கள் முதல் கண்டன அறிக்கை அதுதான்.

வடக்குக் கூரைக்காரர்களும் கால்வாய்ப் பக்கத்தாரும்
ஒரே கிளப், ஒரே நிறம், பேச்சுவார்த்தை கிடையாது.
எண்பத்தேழில் ஒரு மேளம் காணாமல் போனதிலிருந்து.
மீன்வறுவல் கடை மாடியில்
எண்ணெய் வாசனைக்கு நடுவே முறைத்தபடி உட்கார்ந்தார்கள்.
முதல் ஒரு மணி நேரம் மேளம் பற்றியேதான்.
டாக்சி ஓட்டுகிற ஷாஹிதுல் எழுந்து கேட்டான்:
"கிளப்பே காணாமல் போகப்போகிறது,
மேளத்தை எங்கே வைத்து அடிப்பதாக உத்தேசம்?"

முடிவு எளிது. யாரும் உள்ளே போகக்கூடாது.
கெல்வின் ஓட்ஸுக்குத்தான் கஷ்டம்.
"பனியில் வந்திருக்கிறேன்,
மகள் கல்யாணத்திலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறேன்,
வராமல் இருக்க எனக்குத் தெரியாதே" என்றான்.
"சுவரோரம் நில்லு" என்றார்கள்,
"வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும்."

சனிக்கிழமை.
பெனால்டி புள்ளியில் ஒரு கடற்புறா
நடுவர் விசிலுக்கும் நகரவில்லை.
கோல்கீப்பரின் கெட்ட வார்த்தைகள்
எழுத்து எழுத்தாகக் கேட்டன.
பந்தை உதைத்தால் இப்படியா சத்தம் வரும்?
இத்தனை வருடத்தில் இன்றுதான் தெரிந்தது.

பிரெந்த்வெயிட்காரர்கள் நாலு பஸ்ஸில் வந்தார்கள்.
நூறு வருடப் பகை.
டிக்கெட் கையில் இருக்க, உள்ளே வராமல்
எங்களவர்களோடு சுவரோரம் போய் நின்றார்கள்.
அவர்களுக்குத் தெரிந்தது
எங்களைத் திட்டுகிற பாட்டு ஒன்றுதான்.
அதையே பாடினார்கள்.
எங்களவர்களும் சேர்ந்து பாடினார்கள்,
இரண்டாவது அடி எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எழுபதாவது நிமிடம்.
சீட்டு வந்தது.
ஆறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு.
விற்ற சீசன் டிக்கெட்டெல்லாம் வந்த ஆளாம்.

நான் எண்ணிப் பார்த்தேன்.
ஆம்புலன்ஸ்காரர் இருவர்,
கம்பளி போர்த்திய கனவான்கள் மூவர்,
பை விற்கும் பெண், பந்து பொறுக்கும் பிள்ளைகள்
எல்லாம் சேர்த்து நாற்பத்து மூன்று.
கடற்புறாவைச் சேர்க்கவில்லை.

தெருப்பக்க ஒலிபெருக்கிக்குத் தனியாக ஒரு விசை உண்டு.
தூசி தட்டி அதைப் போட்டேன்.
"இன்றைய வருகை" என்றேன்.
என் குரல் எனக்கே யாரோ போலிருந்தது.
"உள்ளே, நாற்பத்து மூன்று.
வெளியே..."

அதற்கு மேல் என்னிடம் எண் இல்லை.
சன்னலைத் திறந்து
மைக்கை வெளியே நீட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை வேறு யாரோ படிக்கிறார்கள்.
ஆட்டமும் ஒன்றுக்கு மூன்று, தோல்வி.
தபால்பெட்டியிலிருந்து இன்னும் பதில் இல்லை.
ஆனால் அன்று சன்னல் வழியே வந்ததே, அந்த இரைச்சல்,
அதன் அடியில் எங்கேயோ
ஒரு பழைய மேளம் கேட்டது.
தோல் தளர்ந்து, ஈரம் ஏறி, சுருதி செத்த மேளம்.

யார் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது என்று
அன்றைக்கு மட்டும்
ஒருவரும் கேட்கவில்லை.