கடல் தெரியாது, கேட்கும்

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு இரண்டு வீடு முன்னால்
பதினொரு அறை.
வருகிறவர்களில் பாதிப்பேர் விசா நேர்முகத்துக்கு.
கோப்பை மடியில் வைத்தபடியே சாப்பிடுவார்கள்.
ஐந்தரைக்கு எழுப்பிவிடச் சொல்வார்கள்;
நான் கதவைத் தட்டப் போனால்
ஏற்கெனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டு
கட்டில் நுனியில் இருப்பார்கள்.

பத்தொன்பது மாதம் இந்த மேசையில் இருந்து
நான் கண்ட கணக்கு இது:
தூதரகம் ஓம் என்றால் எங்களுக்கு ஐந்து நட்சத்திரம்.
இல்லையென்றால் ஒன்று.

நிரோஜினி உடைந்த ஃப்ளஷைப் பற்றி
ஒரு சொல் எழுதவில்லை.
கடவுச்சீட்டு விசாவோடு கைக்கு வந்த அன்று
‘வீடு மாதிரி’ என்று போட்டாள், மூன்று இதயத்தோடு.
அதே கிழமை, அதே குழாய்வரிசை,
பிரதாபனுக்கு மட்டும் நாறியது.

ஏழாம் அறைப் பிரதாபன்.
ஒரு நட்சத்திரம், நான்கு வரி:
‘ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் இல்லை.
மின்விசிறி கத்துகிறது.
கடற்கரை விடுதி என்று போட்டிருக்கிறார்கள்.
கடல் தெரியாது, கேட்கும்.’

அதில் ஒரு பொய்யும் இல்லை.
அதுதான் தொல்லை.

முதலாளி குகதாசன் இருப்பது ஸ்காபரோவில்.
அவருக்குப் பின்னேரம், எனக்கு இரவு ஒரு மணி.
“நாலு தசம் மூண்டு, நாலாய்ப் போச்சு பிள்ளை”
என்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தவரின் குரலில்.
புதுத் தண்ணீர்த் தொட்டிக்குக் காசு கேட்டேன்.
தெஹிவளையில் ஒரு பொடியனின் நம்பர் அனுப்பினார்.

இருபது பேர், எட்டாயிரம் ரூபாய்.
இரண்டு நாளில் வந்து இறங்கினார்கள்,
பையில்லாமல், பசியில்லாமல்,
முகத்துக்குப் பதில் சூரியகாந்திப் படத்தோடு.
ஒருவர் எங்கள் நீச்சல் தடாகத்தைப் புகழ்ந்திருந்தார்.
வேறு யாருக்கோ எழுதியதை
அப்படியே எங்களுக்கும் ஒட்டியிருக்கிறான் பொடியன்.
சோமாவதிக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன்.
தும்புத்தடியை ஊன்றி நின்று கேட்டாள்:
“எங்கே மிஸ், நான் இன்னும் கழுவாத அந்தத் தடாகம்?”

பிறகு வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம்.
சிறுவன் நீச்சல் உடுப்போடு,
காற்றடித்த மஞ்சள் வளையம் இடுப்பிலே,
படியிறங்கி வந்து என் முன்னால் நின்றான்.
நான் பதிவேட்டைப் புரட்டினேன்.
புரட்டிக்கொண்டே இருந்தேன்.
எட்டாயிரத்துக்கு நான் வாங்கியது
அந்த வளையத்துக்கு மேலே இருந்த முகம்.

என்னையே எடுங்கள்.
போன மாதம் பல் வைத்தியர் தேடினபோது
ஐந்துகளையெல்லாம் விரலால் தள்ளிவிட்டு
ஒன்றுகளைத்தான் வாசித்தேன்.
மகிழ்ச்சியில் ஆட்கள் ‘சூப்பர்’ என்று விட்டுவிடுவார்கள்.
கோபம்தான் எந்தப் பல், எந்த நாள், எவ்வளவு காசு
என்று விபரம் தரும்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம்
குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தவர்
பிரதாபன்.
படத்தில் இருந்ததைவிட மெலிவு.
“திரும்ப அப்ளை பண்ணியிருக்கிறன்.
ஏழாம் அறை இருக்கோ?”
“இருக்கு. ஆனா ஆறு மணிக்குப் பிறகு தண்ணி…”
“தெரியும். நான்தானே எழுதினனான்.”

இரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
காலி வீதி முழுக்க விடுதி இருக்கிறதே
என்று நான் கேட்கவில்லை.
கோப்பின் ஈரத்தைச் சட்டையில் துடைத்தபடி
அவரே சொன்னார்:
“மற்ற இடங்களிலை என்ன இல்லையெண்டு
எனக்குத் தெரியாதே.”

ஐந்தே முக்காலுக்கு
ஏழாம் அறைக் குளியலறையில்
இரண்டு வாளி நிரப்பி வைத்தேன்.
பாணந்துறை ரயில் போனது. அதன் பின்னால்,
யாருக்கும் தெரியாமல்,
கடல்.