உன் தொப்புள் எங்கே

துவாஸ் துறைமுகம், காலை ஆறரை.
இரவுப்பணி முடிந்தும் கம்பெனிப் பேருந்து வரவில்லை.
ஸிம்கிதா தே ஓ கோப்பையின் மூடியைப் பிய்த்து
முதல் வாயைத் தரையில் சிந்தினாள்.
“எனக்கு முந்தியவர்களுக்கு.”
பிறகு என்னைக் கேட்டாள்:
உன் தொப்புள் எங்கே இருக்கிறது?

சட்டைக்குள், என்றேன்.

அவள் சிரித்தால்
பளுதூக்கியின் வடம் தளர்வதுபோல் இருக்கும்.

கெய் ஆற்றுக்கு வடக்கே, மாட்டுப்பட்டி ஓரம்,
அவள் கொடி புதைந்திருக்கிறது.
புதைந்த மண்ணுக்கு அவளைத் தெரியும்.
எவ்வளவு தூரம் போனாலும், எந்தக் கடலில் நனைந்தாலும்
கேட்கிறவனுக்குச் சொல்ல ஓர் இடம்.
“ராத்திரி எத்தனை பெட்டி இறக்கினோம்?
ஒவ்வொன்றிலும் புறப்பட்ட துறை எழுதியிருக்கிறது.
உன்மேல் என்ன எழுதியிருக்கிறது?”

நீ யாருடையவள் என்பது அடுத்த கேள்வி.
அவள் ஊரில் அது
வந்தவருக்குப் பாய் விரிப்பது.
தான் பேலே குலத்தவள் என்று தொடங்கி
ஏழு தலைமுறைப் பெயரை மூச்சுவிடாமல் அடுக்கினாள்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் எங்கள் மொழியில் இதே கேள்விக்குள்
ஒரு கத்தி உண்டு, ஸிம்கிதா.
அதற்குப் பயந்து கப்பலேறும்போதே
பெயரின் வாலை நறுக்கிக் கடலில் போட்டவர் என் பாட்டன்.
போட்டது நல்லதுதான்.

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு ஒரு ச்சு.

அந்த ஒலி அவள் மொழியில் எழுத்து.
அதை வைத்து ஆற்றுக்குப் பெயரிடுகிறார்கள், பிள்ளைக்கும்.
எங்களிடமும் இருக்கிறது.
இருநூற்று நாற்பத்தேழில் சேர்க்காமல்
பரிதாபப்பட மட்டும் வைத்திருக்கிறோம்.

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள்:
குழலி, ஒரு டி, ஒரு சாய்கோடு, ஓர் ஓ, மாணிக்கவாசகம்.
பள்ளியில் இந்தச் சாய்கோட்டைக் கண்டு
சிரித்தவர்கள் உண்டு.
“இன்னாரின் மகள்! அரசாங்கமே அச்சடித்துத் தருகிறதா?”
வியந்தாள்.
திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தாள்.

நான் பிறந்தது இரண்டாயிரத்து ஒன்று, கேகே மருத்துவமனை.
கொடியை யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை.
இந்த ஊரில் எரிக்கவேண்டியதை எரித்து
சாம்பலைப் படகில் ஏற்றி
புலாவ் செமக்காவில் கொட்டுகிறார்கள்.
கடலை நிரப்பிச் செய்த நிலம்.
இப்போது அங்கே நாரை நிற்கிறதாம்.

அநேகமாக அங்கே, என்று
எண்ணெய்க் கிடங்குகளுக்குப் பின்னால், கிழக்கே, கைகாட்டினேன்.
இங்கிருந்து தெரியாது.

அவள் எழுந்தாள்.
மிச்சத் தேநீரில் பாதியை
அந்தத் திசை பார்த்து ஊற்றினாள்.
குப்பை போட்டால் அபராதம் என்ற பலகைக்கு
நேர் கீழே.

பேருந்து வந்தது.
ஏறும்போது என் அப்பா பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.
ணகரம் வரவில்லை.
மறுபடி சொன்னாள்.