ஒரு பல் இடப்பக்கம்

தார்த்து நகரத்தில் எங்கள் பேட்டைக்குச்
சூப்பூர் என்று பெயர்.
தெருவெல்லாம் காய்கறி:
உருளைக்கிழங்குத் தெரு, அவரைத் தெரு,
நான் இருப்பது பட்டாணித் தெரு.
அங்கே ஒரு மரக்கொட்டகையில்
அறுபத்தைந்தாம் வருடத்து வோல்கா
மூக்கை மட்டும் வெளியே நீட்டி நிற்கிறது.

அதன் ஸ்டியரிங் வளையம்
வெயிலில் கொஞ்சம், குளிரில் கொஞ்சம் என்று வெடித்து
போன மார்ச்சில், ஒரு திருப்பத்தின் நடுவே,
பிஸ்கட் மாதிரி
ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது.
துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
மீதியைத் திருப்பி வீடு சேர்ந்தேன்.

எனக்குப் பிழைப்பு பொய்ப்பல் செய்வது.
அந்தப் பிசினாலேயே ஒட்டிப் பார்த்தேன்.
இரண்டு வாரம் நன்றாகத்தான் சிரித்தது.

வோல்காவுக்கு வல்காவில் கிடைத்தது மாற்று வளையம்.
எல்லை ஊர்,
தெருவைத் தாண்டினால் லாத்வியா.
விற்ற ஐவர்ஸ் அதைக் குளியல் துண்டில் சுற்றிக் கொடுத்தான்,
துண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கினான்.
ரீகாவில் டாக்ஸியாக ஓடிய வண்டியுடையதாம்.
நம்பலாம்.
கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில்
ஒரு கட்டைவிரல் பள்ளம்.
முகம் தெரியாத யாரோ
எத்தனை சிவப்பு விளக்குகளில்
அங்கே விரலை வைத்துக் காத்திருந்தாரோ.

மே மாதம். இரவு பதினொன்றுக்கும்
வானத்தில் மோர் நிற வெளிச்சம்.
நடு நட்டை முழுக்கக் கழற்றக் கூடாது,
இரண்டு சுற்று மிச்சம் வைத்து இழுக்க வேண்டும்.
தெரியும்.
தெரிந்தும் முழுக்கக் கழற்றினேன்.
இழுத்தேன், வரவில்லை.
திட்டினேன், வரவில்லை.
இருக்கையில் முழங்கால் ஊன்றி
இடமும் வலமுமாக ஆட்டி
இனி வராது என்று நான் முடிவு கட்டிய நொடியில்
வந்தது, நேராக முகத்துக்கு.
மூக்குடைபடுவது என்பதைச்
சொல்லுக்குச் சொல் அன்றுதான் அனுபவித்தேன்.

ஒரு கையில் மூக்கு, ஒரு கையில் புது வளையம்.
அச்சில் சுற்றிலும் பொடிப் பற்கள்.
எண்ணினேன், முப்பத்தாறு.
மறுபடி எண்ணினேன், முப்பத்தைந்து.
குத்துமதிப்பாகப் பொருத்தி அமுக்கினேன்.

பேட்டரி வயரைக் கழற்ற மறந்திருந்தேன்.

ஹாரன் பிடித்துக்கொண்டது.
விட்டு விட்டு அல்ல,
கன்று இழந்த மாடு மாதிரி ஒரே மூச்சாக.
பட்டாணித் தெரு விழித்தது, அவரைத் தெரு விழித்தது,
ஆற்றுக்கு அக்கரையில் நாய்கள்.
நான் வளையத்தைக் குத்துகிறேன், கெஞ்சுகிறேன்.

அப்போதுதான் வேலியைத் தாண்டி வந்தான் தார்வோ.
பைஜாமா, ரப்பர் பூட்ஸ்.
நான்கு குளிர்காலமாக
எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது.
பனியை யார் யார் பக்கம் தள்ளினோம் என்ற கணக்கு,
இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தது.
என்னைப் பார்க்கவில்லை.
பானெட்டைத் தூக்கினான்,
ஒரு வயரைப் பிடுங்கினான்.

அதன் பிறகு வந்த அமைதியில்
என் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுவது கேட்டது.

“நான்கு வருடத்தில்
நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு இது, லீவிகா.
கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது.”

சிரித்தால் வலித்தது. சிரித்தேன்.
ஐவர்ஸின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.
காசு கொடுத்தது வீண் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெய்ப்சி ஏரிக்குப் போனோம்,
வெங்காயச் சரங்கள் தொங்கும் அந்த நேர்ச் சாலையில்.
சக்கரங்கள் நேராக ஓட
வளையம் மட்டும்
ஒரு பல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது,
எதையோ ஒட்டுக் கேட்பது போல.
ரீகாக்காரரின் பள்ளம்
என் கட்டைவிரலுக்கு இன்னமும் பெரிது.
சில திருப்பங்களில் அதில் வழுக்கி விழுகிறேன்.

“கோணல்” என்றான் தார்வோ, மடியில் ஸ்பானரோடு.
“வண்டி நேராகத்தான் போகிறது.”
“பனியையும் இப்படித்தான் நேராகத் தள்ளினாயா?”

நான் பதில் சொல்லவில்லை.
ஏரி வந்தது. எதிரே யாருமில்லை.
ஹாரனை ஒரு முறை,
தொட்டும் தொடாமலும்,
அமுக்கிப் பார்த்தேன்.